பிங்க் சீட்டும் வெள்ளைச் சீட்டும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

2024 ஏப்ரல் விளவங்கோடு இடைத்தேர்தலில் காங்கிரஸ், பா.ஜ.க., அ.தி.மு.க., நாம் தமிழர் நான்கு கட்சியும் பெண்களையே நிறுத்தின. காங்கிரஸின் தாரகை கத்பட் ஜெயித்தார். வரலாற்றுத் தேர்தல் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். எங்கள் ஊராட்சியில் 2019-ல் ஜெயித்ததும் பெண்தான். ஐந்து வருஷமும் ஊர் ‘பிரசிடெண்ட்’ என்று கூப்பிட்டது அவர் வீட்டுக்காரரை. இதில் எது சமத்துவம்?

வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பி,

சிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் குமரிப் பக்கத்தில் சொந்த நிலமில்லாத பனையேறிக்கும் ஓட்டு வந்தது 1948 பிப்ரவரியில், வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை தந்த திருவிதாங்கூர் தேர்தலில்தான். ஒன்பதே வருஷத்தில், 1957-ல், குளச்சலில் ஜெயித்த லூர்தம்மாள் சைமன் காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறையைப் பார்த்தார். அமைச்சர் நாற்காலி அவ்வளவு சீக்கிரம் கிடைத்தது. ஊராட்சி நாற்காலிதான் இன்னும் இழுக்கிறது.

காரணம் செக் புத்தகம். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவரை ஊர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவி பெண்ணுக்கோ பட்டியல் சாதிக்கோ ஒதுக்கப்பட்டதும், ஊரில் கை ஓங்கியவர்கள் ஓசையில்லாமல் வார்டில் நின்று துணைத்தலைவர் ஆகிவிடுவார்கள். பிறகு தெருவிளக்குக்கு பல்பு வாங்கிய பில்கூட மூன்று மாதம் கிடக்கும். தகராறு முற்றினால் மாவட்ட ஆட்சியர் செக் அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்துவிடலாம். பில் பாஸாகும், ஓட்டு வாங்கி வந்த பெண் வேடிக்கை பார்ப்பார். வீட்டுக்காரர் ‘நான் பேசிச் சரிபண்ணுகிறேன்’ என்று உள்ளே நுழைவதும் பெரும்பாலும் இந்தச் சந்தில்தான்.

2019-ல் தலைவருக்கு பிங்க் வாக்குச்சீட்டு, வார்டு உறுப்பினருக்கு வெள்ளை. பிங்க் சீட்டுக்கு ஊரே மல்லுக்கட்டும், வெள்ளையைச் சொந்தக்காரர் முகத்துக்காகக் குத்திவிட்டு வருவோம். என் கணக்கில் வெள்ளைதான் கனம். அந்த வார்டுக்கு 2019-ல் டெபாசிட் 200 ரூபாய், பட்டியல் சாதியினருக்கு 100. வயது 21 ஆகியிருக்க வேண்டும். தலைவராக நிற்கும் பெண்ணுக்கு ஆதரவாக நாலைந்து வார்டில் பெண்களை நிறுத்தி ஜெயிக்க வைத்தால் துணைத்தலைவரும் அவர்கள் பக்கம் வருவார்.

அடுத்தது கிராம சபை. மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் வர வேண்டும். நடப்பது என்னவென்றால், நூறுநாள் வேலைக்கு வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கணக்கை நிரப்புவார்கள். நவம்பர் 1 அன்றும் கிராம சபை உண்டு. நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், எப்படியும் லீவுதான். போய் உட்காருங்கள். தலைவராக ஒரு பெண் இருந்தால் வரவுசெலவை அவரையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து நாற்காலியிலிருந்து யாராவது நோட்டை வாங்க வந்தால், ‘நீங்க எந்த வார்டு மெம்பர்?’ என்று ஒரு கேள்வி போதும்.