கரு வைக்கும் தேதி அஷ்டமியில் விழுந்தால்?

கேள்வி: எனக்கு வயது 31. ஐவிஎஃப் சிகிச்சையில் ஐந்தாம் நாள் கருக்கள் இரண்டை உறைய வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதவிடாய் வந்ததும் மாத்திரை தொடங்கி, கருவை வைக்கப்போகிறார்கள். தேதி அஷ்டமி, நவமியில் வந்தால் இரண்டு நாள் தள்ளி வைக்கச் சொல்கிறார் மாமியார். தள்ளலாமா?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தள்ளலாம், புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்தைத் தொடங்குவதற்கு முன்பு சொன்னால். தொடங்கிய பிறகு கேட்காதீர்கள்.

மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் எஸ்ட்ரடையால் மாத்திரை ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் 2 மி.கி., தினம் மூன்று வேளை. கருப்பையின் உள்சவ்வு இதில்தான் வளர்கிறது. 10, 12 நாள் கழித்து ஸ்கேனில் சவ்வு 7 மி.மீ.க்குக் குறையாமல், மூன்று கோடுகளாகத் தெரிய வேண்டும். அதன் பிறகும் இதே மாத்திரையை நான்கைந்து நாள் நீட்டினால் கெடுதல் இல்லை. கருவும் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கிறது. அதற்கு வயது ஏறாது.

புரொஜெஸ்டிரோன் அப்படியல்ல. சவ்வு கருவை ஏற்கும் பக்குவத்துக்கு வருவதும், சில நாளில் அந்தப் பக்குவம் கடந்துபோவதும் இந்த மருந்தால்தான். ஐந்து நாள் வளர்ந்த கருவுக்கு, ஐந்து முழு நாள் புரொஜெஸ்டிரோன் பெற்ற சவ்வு வேண்டும். திங்கள் காலை முதல் வேளை என்றால் சனிக்கிழமை கரு வைப்பார்கள். (மூன்றாம் நாள் கருவாக இருந்தால் வியாழன்.) ஆகவே ஸ்கேன் அன்றே காலண்டரைப் பார்த்து, எந்த நாள் வேண்டாம் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முதல் வேளையை அதற்கேற்பத் தள்ளித் தருவார். மாத்திரை இல்லாத இயற்கைச் சுழற்சியில் இந்த வசதி கிடையாது; முட்டை வெடிக்கும் நாளே தேதியைத் தீர்மானிக்கும்.

குழப்பம் வருவது பெரும்பாலும் முதல் வேளையில்தான். "இன்று இரவா, நாளைக் காலையா" என்று கேட்டு, தேதியையும் மணியையும் எழுதி வையுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் நினைவு வந்ததும் மருந்தை எடுத்துக்கொண்டு, உடனே மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் அளவு பார்த்து, ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குக் குறைவாக இருந்தால் பல இடங்களில் ஊசி சேர்ப்பார்கள். மறைத்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

கரு வைக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் வயிற்று ஸ்கேனில், கருவை உள்ளே செலுத்தும் குழாயின் நுனி தெளிவாகத் தெரியும். அதற்காக வீட்டிலேயே தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பெரும் அவஸ்தை. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததும், எவ்வளவு என்று கேட்டுக் குடியுங்கள். முடிந்த பிறகு படுத்தே கிடக்கத் தேவையில்லை. ஆட்டோவில் வீடு திரும்பலாம்.

லேசாக ரத்தம் பட்டால் பலர் தாங்களாகவே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். இந்த முறையில் முட்டை வெடிப்பதில்லை என்பதால் உங்கள் உடல் அப்போது சொந்தமாகப் புரொஜெஸ்டிரோன் சுரக்காது. ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை இரண்டு மருந்தும் தொடர வேண்டும். கர்ப்பம் உறுதியானால் கர்ப்பத்தின் 10 முதல் 12 வாரம் வரை, மருத்துவர் நிறுத்தச் சொல்லும் நாள்வரை.