கரிக்குவியலும் ஒரு ஏரிதான்

(அனல்மின் நிலையத்தின் கொதிகலன் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: நீர்மின்சாரத்துக்குப் பெயர் பெற்ற நியூசிலாந்தில், ஹன்ட்லி என்ற பழைய அனல்மின் நிலையத்தில் கரியை நிறுத்துவதாகப் பலமுறை சொன்னார்கள். இப்போது 2035 வரை என்கிறார்கள். இது ஏமாற்று இல்லையா?
— ஒரு வாசகர், மேட்டூர்

பதில்: ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஏரியைப் பார்க்காமல் நாள் குறித்தவர்கள் மேல் வருத்தம் உண்டு.

என் மகள் நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் இருக்கிறாள். அங்கிருந்து அரை மணி நேரப் பயணத்தில், வைகாட்டோ ஆற்றங்கரையில், ஹன்ட்லியின் 150 மீட்டர் உயரப் புகைபோக்கிகள் இரண்டு தெரியும். 1980களில் அமைத்த 250 மெகாவாட் யூனிட்டுகள் நான்கு. கரி, எரிவாயு இரண்டையும் எரிக்கக்கூடிய கொதிகலன்கள். ஒன்றை 2015இல் கைவிட்டார்கள், மூன்று மிச்சம். பக்கத்தில் எரிவாயுவில் மட்டும் ஓடும் சுமார் 400 மெகாவாட் யூனிட் 2007இல் வந்தது.

2018 முடிவில் மூடுவோம் என்று 2015இல் அறிவித்தார்கள். மறு ஆண்டே அது 2022 ஆனது. பிறகு 2030க்குள் கரியே இல்லை என்றார்கள். 2025இல் போட்டி நிறுவனங்கள் மூன்றும் நிலையத்தின் உரிமையாளரான ஜெனிசிஸ் நிறுவனத்தோடு கைகோத்து, 2035 வரை மூன்று யூனிட்டையும் காத்து வைக்கவும், ஆறு லட்சம் டன் வரை கரி சேர்த்து வைக்கவும் ஒப்பந்தம் செய்தன.

காரணத்தை மேட்டூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அணை இறங்கினால் பக்கத்து அனல்மின் நிலையம்தானே கைகொடுக்கிறது! நியூசிலாந்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நீரிலிருந்து வருகிறது. ஆனால் அந்த ஏரிகள் சில வாரங்களுக்குத்தான் தாங்கும். குளிர்காலத்தில் மலையில் விழுவது பனியாகவே உறைந்து கிடக்கும். ஏரிக்கு நீர்வரத்துக் குறையும். வீடுகளில் ஹீட்டர் எரிவதும் அப்போதுதான். கரிக்கு மாற்றாக நம்பிய எரிவாயு வயல்களோ வேகமாக வற்றுகின்றன. ஆக, அந்தக் கரிக்குவியல் வறண்ட ஆண்டுக்கான இன்னோர் ஏரி. என் கணக்குப்படி, மூன்று யூனிட்டும் இரவு பகலாக ஓடினால் அது இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் வரும். அதற்கு ஈடாக வேறொன்றைக் கட்டாமல் நாள் மட்டும் குறித்ததுதான் தவறு. கருக்கிய மர உருண்டைகளை அதே கொதிகலனில் 2023இல் எரித்துப் பார்த்தார்கள், எரிந்தது. அந்த வழியில் இன்னும் வேகம் வேண்டும்.

கேள்வி: எப்போதாவது ஓடும் யூனிட்டுக்குத் தேய்மானம் குறைவுதானே?
— ஒரு வாசகி, நெய்வேலி

பதில்: இல்லை, அம்மா. கொதிகலன் தொடர்ந்து ஓடுவதை விட, நின்று நின்று ஓடுவதில்தான் அதிகம் கெடுகிறது. சூடேறும்போது தடித்த இரும்பு விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. வெல்டிங் செய்த இடத்தில் விரிசல் விடும். நிற்கும் நாளில் குழாய்க்குள் ஈரமும் காற்றும் சேர்ந்து அரிக்கும். ஒரு முறை, பத்து நாள் நிறுத்தத்துக்குப் பிறகு கொதிகலனைப் பற்றவைத்த இரவில், மூன்று மணிக்கு ‘உஸ்’ என்று ஒரு சத்தம். ஊசித்துளை அளவுதான் கசிவு. ஆறவைத்து உள்ளே போய்ப் பார்த்தால், அந்த நீராவி பக்கத்துக் குழாய்கள் நான்கைக் கத்தியால் சீவியதுபோல் சீவியிருந்தது.

ஆறிய யூனிட்டை நினைத்த நேரத்தில் எழுப்பவும் முடியாது, மணிக்கணக்காகும். 2021 ஆகஸ்ட் 9 இரவு நியூசிலாந்தில் கடுங்குளிர். மின்தேவை உச்சத்துக்குப் போனது. ஹன்ட்லியின் அந்த மூன்று யூனிட்டில் ஒன்று ஆறிக் கிடந்தது. ஆயிரக்கணக்கான வீடுகள் இருளில் உட்கார்ந்தன. கோடையில் வேறு தொல்லை: குளிர்விக்கும் நீர் கலந்து ஆறு 25 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்றால் உற்பத்தியைக் குறைத்தாக வேண்டும். ஆற்றுக்கு அந்தக் காவல் இருப்பது எனக்கு மகிழ்ச்சியே.

என் கவலையெல்லாம் அங்கே ஷிப்ட் பார்ப்பவர்களைப் பற்றியது. 2035இல் அந்த யூனிட்டுகள் ஐம்பது வயதை எட்டியிருக்கும். சத்தத்தை வைத்தே கசிவைக் கண்டுபிடிக்கும் காது பத்து ஆண்டுப் பழக்கத்தில்தான் வரும். மூடப்போகும் நிலையத்துக்கு அந்தப் பழக்கத்தைக் கற்க வரும் இளைஞர்களுக்கு, அடுத்த வேலை எது என்பதை நிர்வாகம் இன்றே எழுத்தில் கொடுக்க வேண்டும்.