மீட்டரில் ஏறாத ஓட்டம்
வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில், படுக்கையும் அடுப்பும் பொருத்திய டீசல் பயண வேன்களைப் பற்றியவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். முதல் கடிதம் பலருடைய குழப்பத்தையும் சேர்த்துக் கேட்டிருப்பதால் அதற்கான பதில் நீண்டுவிட்டது.

கேள்வி: தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். சேமநிதிப் பணத்தில், 2013-ஆம் ஆண்டில் தயாரான 2.5 லிட்டர் டீசல் வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்பெட்டி எல்லாம் பொருத்தியிருக்கிறேன். நானும் என் மனைவியும் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 இரவுகளை அதில் கழிக்கிறோம். குளிர்பெட்டிக்கும் ஏர்கோனுக்குமாக இரவில் இரண்டு மணி நேரம் என்ஜினை ஓடவிடுவது வழக்கம். கடந்த ஓராண்டில் ஓடியது 4,200 கிலோமீட்டர்தான். பட்டறையில் கண்ணாடியில் ஒட்டிய சீட்டு, 5,000 கிலோமீட்டரில் கறுப்பு எண்ணெய் (என்ஜின் எண்ணெய்) மாற்று என்கிறது. வேனின் கையேடு 10,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்கிறது. விலை உயர்ந்த செயற்கை எண்ணெய் ஊற்றினால் 15,000 வரை ஓடலாம் என்கிறான் என் மகன். நான் எந்தக் கணக்கைப் பின்பற்றுவது?

பதில்: ஐயா, நீங்கள் தோட்டத்தில் இருந்தவர் என்பதால் இதற்கான விடை உங்களுக்கு முன்பே தெரியும். தோட்டத்து டிராக்டரில் யாரும் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை. மணி மீட்டரைப் பார்த்துத்தான், பெரும்பாலும் 250 மணிக்கு ஒரு முறை, எண்ணெய் மாற்றுகிறார்கள். சக்கரம் சுழன்றாலும் நின்றாலும் என்ஜின் ஓடிய நேரம் முழுவதும் எண்ணெய் உழைத்திருக்கிறது என்பதே அதன் அடிப்படை. உங்கள் வேனையும் அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஊரும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கொண்டால், 4,200 கிலோமீட்டர் என்பது 105 மணி நேரம். நின்ற இடத்தில் ஓடவிட்டது 50 இரவுக்கு 100 மணி நேரம். ஆக, மீட்டர் 4,200 என்று காட்டினாலும், உங்கள் என்ஜின் 205 மணி நேரம், அதாவது 8,200 கிலோமீட்டருக்குச் சமமாக உழைத்திருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி மீட்டரில் ஏறவே இல்லை.

அந்தப் பாதிதான் என்ஜினுக்குக் கூடுதலாகத் தீங்கு செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். சுமையின்றி நின்று ஓடும் டீசல் என்ஜின் போதிய சூடேறுவதில்லை. எரிபொருள் முழுமையாக எரியாமல் கரியாகிறது. எரியாத டீசலில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எண்ணெயோடு கலக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால், எண்ணெயில் சேர்ந்த ஈரமும் எரிபொருளும் சூட்டில் ஓரளவு ஆவியாகிப் போய்விடும். நின்று ஓடும்போது அந்த வாய்ப்பு இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. என்ஜினை ஓடவிட்டு வேனுக்குள் உறங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். புகைக்குழாயில் ஒரு சிறு விரிசல் இருந்தாலும் போதும். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்தால் உறக்கத்திலிருந்து எழ முடியாது. குளிர்பெட்டிக்கென்று தனி பேட்டரி ஒன்றை வைத்து, கூரையில் சூரியத் தகடு பொருத்துங்கள். அதற்கான செலவு எண்ணெயிலும் டீசலிலும் திரும்பி வரும் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை.

இனி அந்த மூன்று எண்களுக்கு வருவோம். சீட்டில் உள்ள 5,000 ஒரு காலத்தில் நியாயமாகவே இருந்தது. டீசலில் கந்தகம் மிகுந்திருந்த நாட்களில், அது எரிந்து அமிலமாகி, எண்ணெயில் உள்ள காரச் சேர்க்கையைத் தின்றுகொண்டிருந்தது. நம் நாட்டில் முன்பு விற்ற யூரோ 2எம் டீசலில் பத்து இலட்சத்தில் 500 பங்கு வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டிருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான யூரோ 5 டீசலில் அந்த வரம்பு 10 பங்குதான். அதனால் நாள்தோறும் நெடுஞ்சாலையில் ஓடும் வேனுக்கு 5,000-இல் எண்ணெய் மாற்றுவது தேவைக்கு மேற்பட்ட செலவு. மகன் சொல்லும் 15,000 எண்ணெயின் தரத்தை மட்டும் பார்க்கும் கணக்கு. செயற்கை எண்ணெய் சூட்டைத் தாங்கும், எளிதில் கெட்டியாகாது. ஆனால் அதில் சேரும் கரியையும் டீசலையும் விலை உயர்ந்த எண்ணெயாலும் இல்லாமல் ஆக்க முடியாது.

கையேட்டின் கணக்கில் கிலோமீட்டரை விட்டுவிட்டு, ஆறு மாதம் என்ற பாதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேனை நிறுத்தி வைத்து என்ஜினை ஓடவிடும் பழக்கம் தொடரும் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவதே சரி. அந்தப் பழக்கத்தை விட்டு, ஒவ்வொரு முறையும் என்ஜின் நன்றாகச் சூடாகும்படி நெடுந்தூரம் ஓட்டினால், உத்தரவாதக் காலம் கடந்த வேன் என்பதால், ஓராண்டு வரை விடலாம் என்பது என் கருத்து. அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம். எந்த நேரத்தில் மாற்றுகிறோம் என்பதும் முக்கியம். பலர் வேனை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்துவிட்டு, அடுத்த பயணத்துக்கு முன்பு எண்ணெய் மாற்றுகிறார்கள். ஈரமும் அமிலமும் கலந்த பழைய எண்ணெய் அந்த மாதங்களில் எல்லாம் பேரிங்குகளின் மேல் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கி வேனை வீட்டில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், நிறுத்துவதற்கு முன்பே மாற்றி, புதிய எண்ணெய் எல்லா இடங்களுக்கும் போய்ச் சேரும்படி சில கிலோமீட்டர் ஓட்டி, பிறகு நிறுத்துங்கள்.

எண்ணெய் வாங்கும்போது போத்தலின் பின்புறத்தைப் படியுங்கள். ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக்குறியீடு ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கினால் அது பெட்ரோல் என்ஜினுக்கு, ‘சி’யில் தொடங்கினால் டீசலுக்கு. புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இல்லாத உங்கள் காலத்து என்ஜின்களுக்கு, 15டபிள்யூ-40 தடிமனில் சிஐ-4 தரமுள்ள எண்ணெய் பெரும்பாலும் பொருந்தும். கையேட்டில் உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த வடிகட்டி உள்ள புதிய வேன்களில் மட்டும் சாம்பல் குறைந்த வகையை, அதாவது ஐரோப்பாவின் ஏசிஇஏ சி3 அல்லது ஜப்பானின் ஜாசோ டிஎல்-1 போன்று கையேடு குறிப்பிடும் தரத்தை, ஊற்ற வேண்டும். தவறினால் வடிகட்டியில் சாம்பல் அடைத்துக்கொள்ளும்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறி இறங்கும் வேனில், நீர்த்தொட்டி, படுக்கைச் சட்டம், எரிவாயுத் தோம்பு என்று எடை கூடியிருக்கிறது. நூறு லிட்டர் தண்ணீரே நூறு கிலோ. அந்த எடையை இறக்கத்தில் தாங்கும் பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டோட் 4 வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 ஆக இறங்குகிறது. டோட் 3 வகைக்கு இந்த எண்கள் 205, 140. கொதித்து ஆவியான எண்ணெயில் பெடலை மிதித்தால் அது தரை வரை போகும், வேன் நிற்காது. ஆகவே, வேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் எண்ணெயை முழுவதுமாக மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய லோரி ஓட்டுநர்கள் சொல்வார்கள், அதையும் கடைப்பிடியுங்கள்.

ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர் போதாது. நம் ஊரில் நீர் உறையாது என்பது உண்மைதான். ஆனால் குளிர்விப்பு நீர்மத்தில் துருவைத் தடுக்கும் சேர்க்கை இருக்கிறது, அதற்காகத்தான் அது. டைமிங் பெல்ட் (என்ஜினின் வால்வுகளை இயக்கும் ரப்பர்ப் பட்டை) உள்ள என்ஜின் என்றால், 2013-ஆம் ஆண்டுப் பெல்ட் இன்னும் அதிலேயே இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கிலோமீட்டர் குறைவு என்பதற்காக விட்டுவைக்காதீர்கள். சும்மா கிடந்தாலும் ரப்பர் காய்ந்து வெடிக்கும் என்பதை, ரப்பர் தோட்டங்களைப் பார்த்த சுங்கை சிப்புட்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் வேனுக்குச் சென்ற வாரம் கறுப்பு எண்ணெய் மாற்றினோம். மறுநாளே அளவுக்குச்சியை எடுத்துப் பார்த்தால், எண்ணெய் மைபோல் கறுத்திருக்கிறது. பழைய எண்ணெயையே திரும்ப ஊற்றிவிட்டார்களோ என்று என் கணவர் சந்தேகப்படுகிறார்.

பதில்: அம்மா, நிறத்தை வைத்து அப்படி முடிவு செய்யாதீர்கள். டீசல் என்ஜினின் உள்ளே ஒட்டியிருக்கும் கரியைக் கழுவி எடுத்துத் தன்னிடம் மிதக்க வைப்பதே நல்ல எண்ணெயின் வேலை. வடித்த பிறகும் உள் வழிகளில் கொஞ்சம் பழைய எண்ணெய் தங்கிவிடுவதால், என்ஜினை ஒரு முறை ஓட்டினாலே புதியதும் கறுத்துவிடும்.

நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. அளவுக்குச்சியில் எண்ணெயின் மட்டம் நாளுக்கு நாள் ஏறினால், அது டீசல் கலப்பதற்கு அடையாளம். மட்டம் குறைந்தால் பதறுகிறோம், ஏறினால் மகிழ்கிறோம். ஏறுவதுதான் மேலும் ஆபத்து. நீர்த்துப்போன எண்ணெய் பேரிங்குகளைக் காக்காது. மட்டம் மிகவும் கூடினால் என்ஜின் அந்த எண்ணெயையே உறிஞ்சி எரித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடக்கூடும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் ரேடியேட்டர் நீர் கலந்திருக்கிறது. வேனை ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள்.

சந்தேகம் தீர வேண்டுமானால், அடுத்த முறை பக்கத்தில் நின்று பாருங்கள். நேர்மையான பட்டறைக்காரர் வருத்தப்பட மாட்டார். என்ஜின் சூடாக இருக்கும்போதே வடிக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் கரியும் சேர்ந்து இறங்கும். புதிய ஃபில்டரின் மேல் தேதியையும் கிலோமீட்டரையும் அழியாத மையில் எழுதச் சொல்லுங்கள். வடிகால் திருகின் வளையமும் புதியதாக இருக்கட்டும். பழைய வளையத்தோடு திருகை அளவுக்கு மீறி முறுக்கியதால் எண்ணெய்த் தொட்டியின் மரை தேய்ந்து, சொட்டுச் சொட்டாகக் கசிந்த வேன்கள் பலவற்றை நான் சரிசெய்திருக்கிறேன்.

கேள்வி: கிரிக்கிலிருந்து ஜெலி வழியாகக் கோத்தா பாருவுக்கு வேனில் போகத் திட்டமிட்டுள்ளோம். நண்பர் ஒருவர் பீப்பாயில் சேர்த்து வைத்திருக்கும் டீசலை மலிவாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்ததிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. விலையின் சுமை எனக்கும் தெரியும். ஆனால் நம் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளும் கலக்கப்படுகிறது. அது வெறும் டீசலைவிட அதிகமாக ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாதி நிரம்பிய பீப்பாய் பகலில் வெயிலிலும் இரவில் குளிரிலும் கிடந்தால், உட்சுவரில் நீர் வியர்த்துக் கீழே தேங்கும்; அந்த நீருக்கும் டீசலுக்கும் நடுவே நுண்ணுயிர்கள் வளர்ந்து, கொழகொழப்பான கசடு உண்டாகும். மிக நுண்ணிய துளைகள் வழியே என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு அந்த நீரும் கசடும் போனால், லிட்டருக்கு மிச்சமான காசைப்போல் பல மடங்கு செலவு வைக்கும்.

உங்கள் சொந்த வேனின் டேங்கிலும் இதே நடக்கும் என்பதால், நெடுநாள் நிறுத்தும் முன் டேங்கை நிரப்பி வையுங்கள். காற்றுக்கு இடமில்லாவிட்டால் வியர்வைக்கும் இடமில்லை. டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய நீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள்; நீர் அடியில் தங்கி, டீசல் மேலே மிதப்பது தெளிவாகத் தெரியும். பயணத்துக்கு முன்பு இதைச் செய்துவிட்டு, ஃபில்டர் மாற்றி ஓராண்டு கடந்திருந்தால் புதியது போட்டு, அதே அளவில் இன்னொன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காடும் தெமெங்கோர் ஏரியும் சூழ்ந்த அந்தக் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் பட்டறை தேடி அலைய முடியாது. கிரிக்கிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு, பகலில் கடந்துவிடுங்கள். இரவில் யானைகள் சாலைக்கு வரும்.

கேள்வி: வடித்த பழைய எண்ணெயை வேலிக் கம்பங்களுக்குப் பூசலாமா? எங்கள் தோட்டத்தில் முன்பெல்லாம் அப்படித்தான் செய்தோம்.

பதில்: செய்தோம், இனிச் செய்யக்கூடாது. எண்ணெயில் உலோகத் துகளும் கரியும் நச்சுப் பொருள்களும் சேர்ந்திருக்கின்றன. மழையில் கழுவப்பட்டு அவை கிணற்றுக்கும் ஓடைக்கும் போகும். பயன்படுத்திய மசகெண்ணெய், 2005-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தர விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட கழிவு. புதிய எண்ணெய் வந்த போத்தல்களிலேயே அதை ஊற்றி, மூடியை இறுக்கி, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். ஃபில்டரையும் ஓர் இரவு கவிழ்த்து வைத்து, உள்ளே இருப்பதை வடித்த பிறகு சேர்த்துக் கொடுங்கள்.