எட்டு ரியால் வாங்கும் முன்: கேள்வி-பதில்

கே: 1796ஆம் ஆண்டு மெக்சிகோ எட்டு ரியால் (ஸ்பெயின் ஆட்சிக்கால வெள்ளிக் காசு), 9,000 ரூபாய். 'கரோலஸ்' என்ற பெயருக்குப் பின் மூன்று கோடுகள் இருக்கின்றன. நல்ல காசுதானா?

ப: போலி. அந்தக் கோடுகள் எத்தனையாம் கரோலஸ், அதாவது கார்லோஸ், என்பதைச் சொல்பவை. ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் 1788 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். 1796இல் ஆண்டவர் நான்காம் கார்லோஸ், நான்கு கோடு இருக்க வேண்டும்.

கே: பொட்டோசி (இன்றைய பொலிவியா) காசு என்று வாங்கியது வட்டமாகவே இல்லை. சிலுவையும் பாதிதான் தெரிகிறது. திருப்பி அனுப்பட்டுமா?

ப: அவசரப்படாதீர்கள். வெள்ளிப் பாளத்தைத் துண்டு போட்டு, எடை சரியாகும்வரை ஓரத்தை நறுக்கி, சுத்தியலால் அடித்த காசு அது. கோணலாகத்தான் இருக்கும். ஓரத்தைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடோ முகத்தில் குமிழிப் பள்ளங்களோ இருந்தால் வார்த்த போலி, அப்போது அனுப்புங்கள்.

கே: தாத்தாவின் காசைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். இப்போது பாதி விலைதான் கேட்கிறார்கள்.

ப: சரியாகத்தான் கேட்கிறார்கள். தேய்ப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

கே: மூழ்கிய கப்பலில் கிடைத்த எட்டு ரியால் என்று வாங்கினேன். 21 கிராம்தான் இருக்கிறது. கேட்டால், "அதான் சான்றிதழ் கொடுத்தோமே" என்கிறார் விற்றவர்.

ப: இந்தச் சான்றிதழ் விஷயத்தில் எனக்குத் தீராத கோபம் உண்டு. 1622இல் ஃபுளோரிடா பக்கம் மூழ்கி 1985இல் அகப்பட்ட அட்டோச்சா கப்பலின் வெள்ளிப் பாளங்களை உருக்கி இன்று நகல் காசு செய்கிறார்கள், அதற்கும் சான்றிதழ் தருகிறார்கள், அது பொய்யும் இல்லை, "அட்டோச்சா வெள்ளியால் செய்யப்பட்டது" என்றுதான் அதில் இருக்கும். நான் அப்படி ஒன்றுக்கு 14,000 ரூபாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துதான் அந்த வரியைப் படித்தேன், அன்று இரவு தூக்கமே வரவில்லை. அந்தக் காசின் படமும் எண்ணும் இல்லாத சான்றிதழ் வெறும் காகிதம்.

முழுக் காசு 27 கிராம். கடல்நீர் வெள்ளியை அரிக்கும் என்பதால் 21 கிராமை வைத்து மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது. தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முக்குங்கள். தராசு எத்தனை கிராம் கூடுகிறதோ அதால் காசின் எடையை வகுத்தால் 10க்குச் சற்று மேலே வர வேண்டும். 9க்குப் பக்கத்தில் நின்றால் பெரும்பாலும் செம்புதான். அப்படி வந்தால் பணத்தை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருட அவகாசம் இருக்கிறது. பில்லையும் அந்தச் சான்றிதழையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.