புழக்கடைக் கதவைத் திறந்து வையுங்கள்

அன்புள்ள அண்ணா,

மாமாவின் பழைய பானாசோனிக் டிவிஎக்ஸ்100 கேமரா என்னிடம் வந்திருக்கிறது. அதில் ஒரு குறும்படம் எடுக்கிறேன். அம்மா, மகன் என்று இரண்டே பேர். பெரும்பகுதி சமையலறையில் நடக்கிறது. டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் முகம், சுவர், காலண்டர், மிக்ஸி எல்லாமே ஒரே மாதிரி பளிச்சென்று தெரிகின்றன. கல்யாண வீடியோ மாதிரி இருக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். சினிமாவில் போலப் பின்னணி மங்க வேண்டுமென்றால் லென்ஸ் அடாப்டர் வாங்கலாமா?

கா.

அன்புள்ள கா.,

வாங்காதீர்கள். ஒரு காலத்தில் நான் வாங்கினேன். முன்னால் ஸ்டில் கேமரா லென்ஸ், நடுவில் தேய்த்த கண்ணாடி. அதில் விழும் பிம்பத்தை வீடியோ கேமரா படம் பிடிக்கும். பின்னணி அழகாக மங்கியது, உண்மைதான். ஆனால் வ்யூஃபைண்டரில் படம் தலைகீழாகத் தெரிந்தது, வெளிச்சம் பாதிக்கு மேல் போனது, கண்ணாடியில் ஒட்டிய தூசி ஒவ்வொரு ஷாட்டிலும் நடித்தது.

உங்கள் கேமராவின் சென்சார் (பிம்பம் விழும் சில்லு) 1/3 அங்குல வகை. அது பெயர்தான், அகலம் 5 மி.மீ. கூட இல்லை. சினிமா ஃபிலிமில் ஃபிரேமின் அகலம் ஏறக்குறைய 25 மி.மீ. அந்த 5 மடங்கு வித்தியாசத்தால், அதே ஃபிரேமுக்கு உங்களுக்கு 5 மடங்கு குறைந்த ஃபோகல் லெங்த் (லென்ஸ் எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பதன் அளவு) போதும். அதனால் நீங்கள் லென்ஸின் துவாரத்தை எஃப்2 என்று அகலத் திறந்து வைத்தாலும் ஃபிலிமில் எஃப்10 என்று சுருக்கி வைத்த மாதிரிதான் இருக்கும். எல்லாம் தெளிவாகத் தெரிவது இதனால்தான்.

சரி, இருப்பதை வைத்து என்ன செய்யலாம்? கேமராவைப் பின்னால் கொண்டுபோய், ஜூம் போட்டு, முகம் முன்பிருந்த அளவுக்கே வரும்படி வையுங்கள். தெளிவாக இருக்கும் பகுதியின் ஆழம் இதனால் பெரிதாகக் குறையாது. குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். பின்னணியில் ஒரு சின்னத் துண்டுதான் ஃபிரேமுக்குள் வரும், அது பெருத்துத் தெரியும், கூடவே மங்கலும் பெருக்கும். நமக்கு அது போதும்.

சமையலறையில் பின்னால் போக இடமேது என்பீர்கள். ட்ரைபாடை ஹாலில் போட்டு வாசல் வழியாக எடுங்கள். அம்மாவைச் சுவரோரம் நிறுத்தாதீர்கள். புழக்கடைக் கதவைத் திறந்து வைத்தால் அவர் தோளுக்குப் பின்னால் காலண்டருக்குப் பதில் இருபதடி தள்ளி ஒரு முருங்கை மரம் நிற்கும். ஐரிஸை, அதாவது அந்தத் துவாரத்தை, மேனுவலில் முழுதாகத் திறந்து வையுங்கள் (ஜூம் கடைசியில் அது தானாகவே எஃப்2.8 ஆகிவிடும்). வெயில் அதிகம் என்றால் கேமராவிலேயே இருக்கும், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரைப் போடுங்கள், 1/8, 1/64 என இரண்டு உண்டு. ஷட்டரை ஏற்றி வெளிச்சத்தைக் குறைக்க வேண்டாம். கையசைவு வெட்டி வெட்டித் தெரியும்.

2008இல் கேனான் 5டி மார்க் 2 என்ற ஸ்டில் கேமரா வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். 36 மி.மீ. அகல சென்சாரில் வீடியோ எடுக்கலாம் என்றதும் எல்லோரும் 50 மி.மீ. லென்ஸை எஃப்1.4இல் திறந்து வைத்துச் சுட்டோம். ஒரு மீட்டர் தூரத்தில் அதில் தெளிவாக இருப்பது மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். கண் தெளிந்தால் காது கலங்கும், நடிகர் மூச்சு விட்டால் இரண்டும் கலங்கும். நடிகர் நகர நகர ஃபோகஸைத் திருப்பிக்கொண்டே இருக்க ஃபோகஸ் புல்லர் என்று ஒருவர் ஏன் சம்பளம் வாங்குகிறார் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சண்டைக் காட்சியில் அம்மா அடுப்படியில், மகன் பின்னால் வாசற்படியில். இருவரும் தெளிவாகத் தெரிந்தால் என்ன குறை? 1941இல் வெளிவந்த ‘சிட்டிசன் கேன்’ படத்துக்கு ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் இதைத்தான் செய்தார். வைட் லென்ஸ் போட்டு, லென்ஸ் துவாரத்தை இறுக்கி, அதற்காக ஏராளமான விளக்குகளைக் கொளுத்தினார். அப்படியும் சில ஷாட்டுகளில் ஒரே ஃபிலிமில் இரண்டு முறை படம் பிடித்து ஒட்ட வேண்டியிருந்தது. உங்களுக்கு அது ஜன்னல் வெளிச்சத்திலேயே கிடைக்கிறது. அந்தக் காட்சியை இரண்டு விதமாகவும் எடுத்துப் பாருங்கள். மிக்ஸியை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.