கிளியர் அடிக்கப் போகும் மரத்துக்கு அடியில் எந்த ஸ்டெயின் பூசலாம்?

களுவாஞ்சிக்குடியில் புதுவீடு, மகோகனிக் கதவுகள், முதிரை யன்னல்கள், கடும் கபில நிறம் வேண்டும், மேலே கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) வரும், அடியில் மரத்துக்குள் இறங்கி நிறம் தரும் ஸ்டெயின் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் எந்தக் கிளியர் என்று முடிவெடுங்கள். ஸ்டெயினை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

நான் கல்முனைப் பக்கம் பொலிஷ் வேலை செய்கிறேன். எங்கள் பகுதியில் அநேகமானோர் நிற அட்டையைப் பார்த்து ஸ்டெயினை வாங்கிவிடுவார்கள். மேலே வரும் கிளியர் லெக்கரா, வார்னிஷா என்பது பொலிஷ் அடிக்க வருபவரின் பாடு. ஒரு வருடத்தில் கதவு உரிகிறதென்று கூப்பிடும் வீடுகளில் விசாரித்தால், பழுது பெரும்பாலும் இரண்டுக்கும் பொருத்தம் பார்க்காததில்தான் தொடங்கியிருக்கும்.

ஒவ்வொரு ஸ்டெயினும் ஏதோ ஒன்றில் கலந்துதான் வருகிறது: எண்ணெய், தண்ணீர், ஸ்பிரிட், தின்னர். மேலே பூசும் கிளியரில் இருக்கும் திரவம் அடியில் காய்ந்த நிறத்தைத் திரும்பவும் கரைக்கக் கூடாது. ஸ்பிரிட்டில் கரைத்த சாயத்தின் மேல் பிரெஞ்ச் பொலிஷைப் பிரஷால் இழுத்தால் நிறமும் கூடவே இழுபட்டுக் கோடு விழும், ஏனென்றால் அந்தப் பொலிஷே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குதான். எண்ணெய் ஸ்டெயின் முழுதாய்க் காயாமல் என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) லெக்கர் அடித்தால், அதன் தின்னர் அடியில் இறங்கிச் சுருக்கமும் கொப்புளமும் வரும். அதே ஈரத்தின் மேல் தண்ணீர்க் கிளியர் பூசினால் பிடிக்கவே பிடிக்காது, நகத்தால் கீறினாலே கழன்று வரும்.

இனி உங்கள் வீடு. வெயிலும் மழையும் படும் முன்கதவுக்கு என்.சி. லெக்கர் வேண்டாம். அது உள்வீட்டுத் தளபாடத்துக்கு உரியது, வெளியே வெடித்து உரியும். வெளிப்பாவனைக்கென்றே வரும் வார்னிஷ் அல்லது பொலியூரிதேன் எடுங்கள். அடியில் நிறமித்தூள் கலந்த ஸ்டெயின் போடுங்கள். சாய ஸ்டெயின் மரத்தின் இழையைத் தெளிவாகக் காட்டும், மகோகனிக்கு அது தனி அழகு. ஆனாலும் பெரும்பாலான சாயங்கள் வெயிலில் வெளிறிப்போகும், அதனால் அவற்றை உள்ளறைக் கதவுக்கு வையுங்கள். உள்ளறைகளுக்கு இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பி.யு. (பொலியூரிதேன்) என்றால் எண்ணெய் ஸ்டெயினைத் தவிர்த்து, அதே கம்பனி அந்தக் கிளியருக்கென்று விற்கும் ஸ்டெயினையே வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

கடையில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘ஸ்டெயின்’ என்று எழுதிய டின் எல்லாம் ஸ்டெயின் இல்லை. சிலது நிறம் கலந்த வார்னிஷ். அது மரத்துக்குள் இறங்காது, மேலே படலமாக நிற்கும், ஒரு கீறல் பட்டால் நிறமேறாத வெறும் மரம் தெரியும். வேறு சிலது மெழுகு கலந்த, தண்ணீரை ஒட்டவிடாத வெளிமரப் பூச்சு. அதற்கு மேல் எந்தக் கிளியரும் நிற்காது. டின்னின் பின்பக்கத்தில் மேலே என்ன பூசலாம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாத டின்னை நான் வாங்குவதில்லை.

முதிரை யன்னலுக்கு ஸ்டெயினே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பொன்மஞ்சள் மினுக்கம் எந்த டின்னிலும் கிடைக்காது. கிளியர் மட்டும் அடியுங்கள். கதவோடு நிறம் பொருந்தவில்லையே என்று வீட்டில் சொல்லக்கூடும், ஒரு தடவை கிளியர் அடித்துக் காட்டிவிட்டுப் பிறகு பேசுங்கள். பலா மரத்தில் ஏதாவது செய்திருந்தால், அறுத்த புதிதில் மஞ்சளாக இருப்பது வெளிச்சம் பட்டுத் தானாகவே கபிலமாகும். இன்றைய மஞ்சளை மறைக்கக் கடும் நிறம் பூசினால் பிறகு கறுப்பாகத் தெரியும்.

நிறத்தை அட்டையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஓடாவியாரிடம் (தச்சரிடம்) அதே மகோகனித் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, கதவுக்குச் செய்வதை எல்லாம் அதற்கும் செய்யுங்கள்: 120, 180, 220 சேண்ட் பேப்பர், ஸ்டெயின், சீலர் (கிளியருக்கு முன் மரத்தின் துளைகளை அடைக்கும் பூச்சு), கிளியர். 220க்கு மேல் மினுக்கினால் மரம் நிறத்தைக் குறைவாகத்தான் குடிக்கும். தண்ணீர் ஸ்டெயின் என்றால் முதலில் வெறும் தண்ணீர் தொட்டு, எழும்பும் நாரைக் காய்ந்ததும் தேய்த்துவிடுங்கள். ஸ்டெயின் காய்ந்ததும் மங்கிப்போய்த் தெரியும், பயப்பட வேண்டாம். ஈரமாக இருந்தபோது கண்ட நிறம் கிளியர் ஏறியதும் ஏறக்குறைய அப்படியே திரும்பி வரும்.

துணியால் பூசிய ஸ்டெயினைச் சில நிமிடத்தில் மிச்சமில்லாமல் துடைத்தெடுங்கள். கடுமையாக வரட்டும் என்று தடிப்பாக விட்டால் கிளியர் மரத்தைப் பிடிக்காது, அந்தத் தூளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கடும் நிறம் வேண்டுமென்றால் காயவிட்டு இரண்டாம் தடவை பூசலாம்.

காய்வதுதான் எங்கள் கரையோரத்தில் பெரிய சோதனை. டின்னில் போட்டிருக்கும் மணிக்கணக்கு மாரிக்குப் பொருந்தாது. எண்ணெய் ஸ்டெயினின் மேல் தண்ணீர்க் கிளியர் என்றால் நல்ல வெயில் காலத்திலேயே மூன்று நாள் விடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் கூட. வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்து, நிறம் ஒட்டுகிறதா, எண்ணெய் மணம் வருகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் பொறுங்கள். மழைநாளில் என்.சி. லெக்கர் அடித்தால் பால் போல வெளுக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. மார்கழியில் வேலை வந்தால் மழை விடும்வரை கதவைத் தள்ளிப்போடச் சொல்லி நானே கேட்பேன். கச்சான் காற்றில் (தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று) காய்வது சுகம், தூசிதான் தொல்லை. காலையில் காற்று எழும்ப முன்னர் அடித்து முடியுங்கள்.

எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்தி வையுங்கள்.