ஈரமான கைப்பேசியும் அரிசி டப்பாவும்

கேள்வி: பாத்திரம் கழுவும் தொட்டியில் நிறைந்திருந்த தண்ணீருக்குள் என் கைப்பேசி விழுந்துவிட்டது. உடனே எடுத்துத் துடைத்து, வேலை செய்கிறதா என்று இயக்கிப் பார்த்தேன், செய்தது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி இரண்டு நாள் அரிசி டப்பாவுக்குள் புதைத்தும் வைத்தேன். பத்து நாள் நன்றாக இருந்த கைப்பேசி இப்போது சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. நான் எங்கே தவறினேன்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வேலை செய்கிறதா என்று இயக்கிப் பார்த்தீர்களே, அங்கேதான். ஏறக்குறைய எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான் என்பதால் உங்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

கைப்பேசிக்குள் இருக்கும் மின்பலகையில் தண்ணீரும் மின்சாரமும் ஒரே நேரத்தில் இருப்பதுதான் பெரிய ஆபத்து. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்றாலும், நம் வீட்டுக் குழாயில் வருவது அத்தகைய நீர் அன்று. போர் தண்ணீர் பிடித்து வைத்த வாளியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்புகள் கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். நீரைப் பிளப்பதற்கு 1.23 வோல்ட் அளவு போதும் என்பது வேதியியல் கணக்கு. கைப்பேசியின் பேட்டரியிலோ 3.7 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். ஆகவே, நெருக்கமாக அமைந்த இரண்டு இணைப்புகளுக்கு நடுவே உப்புநீர் ஒரு துளி நின்றாலே, ஒரு முனையிலுள்ள உலோகம் கரைந்து மறுமுனையை நோக்கி நகரத் தொடங்கிவிடும். பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு ஏறி, இணைப்பை மெல்ல மெல்லத் தின்னும் இந்த அரிப்பு, தண்ணீர் உலர்ந்தவுடன் முற்றிலும் நின்றுவிடுவதில்லை. பின்தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு அதே வேலையைத் தொடரும். பத்து நாள் நன்றாக இருந்து பிறகு நின்றுபோனதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

அரிசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூடிய கைப்பேசியின் உட்புறத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் ஆற்றல் எதுவும் அரிசிக்கு இல்லை. அரிசியில் வைத்துப் பிழைத்த கைப்பேசிகள், மேசைமேல் சும்மா வைத்திருந்தாலும் பிழைத்திருக்கும். இரண்டு நாள் தொடாமல் இருந்ததுதான் மருந்து. அந்தப் பொறுமைக்கான புகழ் அரிசிக்குப் போய்விட்டது. போதாக்குறைக்கு, அரிசியின் மாவுத்தூளும் குருணையும் சார்ஜர் துளைக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில், ஐபோனை அரிசிப் பைக்குள் வைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

செய்திருக்க வேண்டியது இதுதான். தண்ணீரிலிருந்து எடுத்த கையோடு, திரையில் என்ன தெரிகிறது என்று ஆராயாமல், கைப்பேசியை அணைத்துவிட வேண்டும். சார்ஜில் இருந்தபோது நனைந்திருந்தால், கைப்பேசியைத் தொடுவதற்கு முன்பே சுவரிலுள்ள சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு உறையைக் கழற்றி, சிம் தட்டை வெளியே எடுத்து, மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி, சார்ஜர் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினால் துளையில் நிற்கும் நீர் இறங்கிவிடும். வேகமாக உதறினால் அதே நீர் இன்னும் உள்ளே போகும். துளைக்குள் பஞ்சையோ காகிதத்தையோ திணிக்கக் கூடாது. ஹேர் டிரையரும் மொட்டைமாடி வெயிலும் வேண்டாம். சூட்டில் கைப்பேசியின் ஓரங்களை ஒட்டியிருக்கும் பசை இளகும், பேட்டரிக்கும் அந்தச் சூடு ஆகாது. மின்விசிறிக் காற்றுப் படும் இடத்தில், துளை கீழே இருக்குமாறு சாய்த்து, குறைந்தது ஒரு முழு நாளாவது வைக்க வேண்டும். வங்கியிலிருந்து வரும் ஓடிபி நின்றுவிடுமே என்று கவலைப்பட்டு அவசரமாக இயக்குகிறவர்கள் பலர்; சிம்மைத் துடைத்து வேறொரு கைப்பேசியில் போட்டுக்கொண்டால் அந்த அவசரமே எழாது.

காப்புப்பிரதி எடுக்காத படங்களும் ஆவணங்களும் அதில் இருந்தால், உலரும்வரை காத்திருப்பதைவிட, அணைத்த நிலையிலேயே அன்றைக்கே பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பது நல்லது. அணைத்த பிறகும் பேட்டரி பலகையோடு இணைந்தேதான் இருக்கும்; அவர் அதைத் துண்டித்துவிட்டு, பலகையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற, விரைவில் ஆவியாகும் திரவத்தால் கழுவி உப்பை அகற்றுவார். இப்போதும் நீங்கள் கேட்க வேண்டியது இதையேதான். சார்ஜர் துளையை மட்டும் மாற்றித் தந்தால் போதாது, பலகையைத் திறந்து சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். உயிர் பெற்றால் முதல் வேலையாகப் படங்களை நகலெடுத்துவிடுங்கள். பின்மூடி சற்றே உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜில் போடவே கூடாது.

கேள்வி: என் கைப்பேசியின் பெட்டியில் ஐபி68 என்று அச்சிட்டிருக்கிறது. இராமேசுவரம் கடலில் குளிக்கும்போது கொண்டுபோய்ப் படமெடுக்கலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கரையில் நின்று எடுங்கள். ஐபி என்பது தூசியும் நீரும் உள்ளே புகாமல் காக்கும் திறனைக் காட்டும் குறியீடு. அந்த எண்ணில் 6 தூசிக்கான மதிப்பு; 8 என்பது, தண்ணீரில் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் நிறுவனம் குறிப்பிடும் நேரம்வரை தாங்கும் என்பதைச் சொல்வது. 7 என்றிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். இவை ஆய்வகத்தில், அசையாத நன்னீரில், புத்தம்புதிய கைப்பேசியை வைத்துப் பெற்ற மதிப்புகள். அலையின் அடியும் கடலுப்பும் அந்தக் கணக்கில் சேரவில்லை. இரண்டு மூன்று முறை கீழே விழுந்த கைப்பேசியிலும், திரை மாற்றிய கைப்பேசியிலும் நீரைத் தடுக்கும் பசையும் ரப்பர் வளையமும் பழைய இறுக்கத்தோடு இருக்கும் என்று நம்ப முடியாது. பெட்டியில் எண்ணை அச்சிடும் நிறுவனங்களே வாரன்டி அட்டையில் நீரால் நேரும் சேதத்தைப் பெரும்பாலும் விலக்கிவைப்பதைப் படித்தால், அந்த எண்ணை அவர்களே எவ்வளவு நம்புகிறார்கள் என்பது புரியும். பல கைப்பேசிகளில் உள்ளே ஒரு சிறு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தவறிக் கடல்நீரில் விழுந்துவிட்டால், இத்தகைய நீர்காப்புள்ள கைப்பேசியை மட்டும், அணைத்த பிறகு நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி உலர்த்துங்கள். காப்பில்லாத கைப்பேசியை அலசாமல், நேரே கடைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: மழையில் நனைந்த பிறகு, சார்ஜர் துளையில் ஈரம் இருப்பதாகத் திரையில் எச்சரிக்கை வருகிறது. அதையும் மீறிச் சார்ஜ் போடலாமா?
– ஒரு கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: போடக் கூடாது, கேபிளைக் கழற்றிவிட்டுக் குறைந்தது அரை மணி நேரமாவது காற்றில் விடுங்கள். முழுவதும் உலர ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் அவசியம் சார்ஜ் ஏற்றியாக வேண்டுமென்றால், பின்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, வயர்லெஸ் சார்ஜர் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். ஒரு நாளுக்குப் பிறகும் எச்சரிக்கை மறையவில்லை என்றால் வேறொரு கேபிளை மாட்டிப் பாருங்கள். ஈரம் கேபிளின் முனையிலும் தங்கியிருக்கக்கூடும்.